திரும்பிப் பார்க்காமல் வந்த வழி

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ பேசிவிட்டு போனை வைத்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடையில் கயிறு அளந்து கொடுக்கும்போது கையை விரித்து எத்தனை பாகம் அளந்தேன் என்பது பாதியில் மறந்துபோகிறது. தார்ப்பாய் கேட்டவரிடம் மிதவையை எடுத்து நீட்டுகிறேன். என் மகள் வனவர் ஆகப்போகிறாள், யானை நடமாடுகிற காட்டில் அவளுக்கு வேலை என்று, மீன்பிடித் துறைமுகத்துக்கு வந்து போகிறவர்களில் நான் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. நம் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள்தான். காக்கி உடுப்பும் பூட்ஸும் போட்டு மலையேறுகிற முதல் ஆள் நீ. நேற்றுக் காலையில் கண்ணாடி முன்னால் நின்று நான் ஒரு சல்யூட் அடித்துப் பார்த்தேன். உன் அம்மா பார்த்துவிட்டாள். "அம்பத்தாறு வயசாவுது" என்றாள். ஆகட்டுமே.

ஆனால் இருப்புக் கொள்ளாததற்குக் காரணம் சந்தோஷம் மட்டுமில்லை. நீ போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அப்பா, நம்ம தேரிக்காட்டுக் கதைய இங்கன எல்லாருக்கும் சொன்னேன். கை தட்டுனாங்க. வர்ற வியாழக்கிழமை ஒவ்வொருத்தரையும் தனித்தனியா காட்டுக்குள்ள விட்டு வெளிய வரச் சொல்லுவாங்களாம். நீங்க செஞ்ச மாதிரியே நிக்காம நடந்து மொத ஆளா வந்துருவேன் பாருங்க." நீ சொன்னதை ஸ்பீக்கரில் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும் அவள் கேட்டது ஒரே கேள்விதான். "நீங்களாச் சொல்லுதியளா, நான் சொல்லட்டுமா?"

பயிற்சி முகாமில் அடுத்த ஞாயிறுவரை உங்கள் கையில் போன் கிடையாது. வியாழக்கிழமைக்குள் இது உன் கையில் கிடைத்தாக வேண்டும். அதனால் கூரியர் ஆபீஸ் திறக்கும் முன்பே உட்கார்ந்து கடையின் பில் நோட்டுப் பின்பக்கங்களில் எழுதிக்கொண்டிருக்கிறேன். தொலைந்துபோனால் என்ன செய்ய வேண்டும் என்று உன் பயிற்சியாளர் சரியாகத்தான் சொல்லிக் கொடுத்திருப்பார். ஆனால் நீ என் மகள். வாத்தியார் ஒன்று சொல்லி அப்பா வேறொன்று சொல்லியிருந்தால், சின்ன வயதிலிருந்தே அப்பா சொன்னதைத்தான் கேட்பாய். கூட்டல் கணக்கில்கூட அப்படித்தான் செய்து அடி வாங்கினாய். எனக்கு இப்போது பயமாக இருப்பது அதற்குத்தான்.

நீ அறிந்த கதை இது. உனக்கு ஏழு வயது. சாஸ்தா கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது தேரிக்காட்டில் வழி தவறிவிட்டது. அம்மா பயந்துபோய் உட்கார்ந்துவிட்டாள். அப்பா தைரியமாக, "நிக்காம நேரா நடந்தா எந்தக் காடும் ஒரு எடத்துல முடிஞ்சுதான் ஆகணும்" என்று சொல்லி, உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, உடைமுள் வேட்டியைக் கிழிக்கக் கிழிக்க நடந்து, இரண்டு பேரையும் ரோட்டில் கொண்டு வந்து சேர்த்தார். இந்தக் கதையைக் கடையில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. உன் கல்லூரித் தோழிகள் வீட்டுக்கு வந்தபோதும் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் முள் கொஞ்சம் நீளமானது.

நடந்தது அதுவல்ல.

அந்த வருஷம் பங்குனி உத்திரத்துக்கு நம்மால் போக முடியவில்லை. உனக்கு அம்மை போட்டிருந்தது. அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, நீ கொஞ்சம் தேறிய பிறகு, சித்திரை மாதத்தில் ஒரு நாள் பைக்கில் மூன்று பேரும் போனோம். உத்திரத்தன்று அந்தச் செம்மணல் மேட்டுத் தேரி முழுக்க வேனும் டிராக்டரும் ஜனமுமாக இருக்கும். எந்தப் பக்கம் போவது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை, முன்னால் போகிறவர் முதுகைப் பார்த்துப் போனால் போதும். நாம் போன அன்று ஒரு குஞ்சு குருமான் இல்லை. தார் ரோட்டோரத்தில் பைக்கை நிறுத்தினோம். பதநீர் இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் மரத்தில் இருந்தபடியே கையை நீட்டி, "அந்தா தெரியுதுல்லா ஆலமரம், அதப் பாத்துப் போங்க" என்றார். மேட்டுக்கு மேல் கோயில் ஆலமரத்தின் தலை தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். நீ மட்டும் வழியெல்லாம் கண்ணில் வெயில் அடிக்கிறது என்று சிணுங்கிக்கொண்டே வந்தாய். அம்மா சேலைத் தலைப்பை எடுத்து உன் முகத்தில் போட்டாள். இந்தச் சிணுங்கலை மறந்துவிடாதே, பின்னால் வரும்.

பொங்கல் வைத்தோம். பூசாரி பூசையை முடித்துக்கொண்டு மறுபக்கமாகத் தன் ஊருக்குப் போய்விட்டார். பதினொரு மணிக்குக் கிளம்பினோம். நம் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு, உனக்கும் தெரியும். எல்லையில் நிற்கிற மாடனுக்குப் படைத்துவிட்டுக் கிளம்பினால் ரோடு வந்து சேரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் மாடன் கூடவே வந்துவிடுவான். என் அப்பா என் பிடரியில் கை வைத்தபடியே நடத்திக்கொண்டு வருவார். அன்று நான் உன் பிடரியில் கை வைத்திருந்தேன்.

அரை மணி நேரத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. மூன்று வாரக் காற்றில் வண்டித்தடம் எல்லாம் மூடிப்போயிருந்தது. எங்கே பார்த்தாலும் ஒரே சிவப்பு மணல், ஒரே மாதிரி உடைமரம், ஒரே மாதிரி கொல்லாமரம். முப்பது வருஷமாக வந்துபோகிற கோயில் மகளே. போகிற வழி எனக்கு அத்துப்படி. ஆனால் திரும்பி வருகிற வழியை நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு வருஷமும் குனிந்த தலை நிமிராமல் யாருடைய முதுகுக்குப் பின்னாலோ வந்திருக்கிறேன். அந்த ஆலமரத்தை நமக்கு நேர் பின்னால் வைத்துக்கொண்டு வந்திருந்தால் ரோட்டுக்கு வந்திருப்போம். ஆனால் அது பின்னால் இருக்கிறதா என்று பார்க்கத்தான் கூடாதே.

அம்மா கேட்டாள். "ஏங்க, ஒரே ஒரு தடவ திரும்பிப் பாத்தா என்ன?"

"பாக்கப்புடாது."

"சாமி கோவிச்சுக்கிடாது. புள்ளைய வச்சுக்கிட்டு வழி தெரியாமத்தான் பாக்கோம்னு அதுக்குத் தெரியாதா?"

"பாக்கப்புடாதுன்னா பாக்கப்புடாது. பேசாம வாளா."

இப்படி இன்னும் அரை மணி நேரம் நடந்தோம். கடைசியில் நான் திரும்பிப் பார்த்தபோது ஆலமரம் மேட்டுக்குப் பின்னால் எங்கேயோ மறைந்துவிட்டிருந்தது. காலடித் தடம்கூட இருபது எட்டுக்கு அப்பால் மணல் சரிந்து மூடியிருந்தது. சூரியன் உச்சியில். நிழல் காலுக்கடியில் கிடந்தது, அதை வைத்து ஒரு திசையும் சொல்ல முடியாது. போனில் சிக்னல் கோடு ஒன்றும் இல்லை. நான் கடல் இந்தப் பக்கம்தான் என்று ஒரு பக்கம் கையைக் காட்டிவிட்டு வேகமாக நடந்தேன். பயந்தால் எனக்குக் கால் வேகமாகப் போகும், வாயும் கூடவே போகும். அதைத்தான் பிறகு தைரியம் என்று பெயர் மாற்றிச் சொன்னேன். வெகுநேரம் நடந்து ஒரு கொல்லாமரத்தடிக்கு வந்தால், அங்கே நீ தின்றுபோட்ட வாழைப்பழத்தோல் கிடக்கிறது. வட்டம் அடித்து அதே இடத்துக்கு வந்திருக்கிறோம்.

அம்மா அந்த நிழலில் உட்கார்ந்துவிட்டாள். பயந்துபோய் இல்லை. உன்னை மடியில் போட்டுக்கொண்டு, பொங்கல் பானையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, நிதானமாகச் சொன்னாள். "இனி ஒரு எட்டு நடக்க மாட்டேன். புள்ளைக்கு மேலு கொதிக்கி. வெயில் சாயட்டும். நாம எங்க நிக்கோம்னு தெரியல, இன்னும் நடந்தா இன்னும் தெரியாமத்தான் போகும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. என்னென்னவோ கத்தினேன், அவளைப் பெற்றவர்கள் வரைக்கும் போனேன். "நீ இங்கயே கெட, நான் போய் ஆளக் கூட்டிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மகளே, உன்னையும் அம்மாவையும் அந்தக் காட்டில் விட்டுவிட்டுப் போனேன். எனக்கே எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். நம்மிடம் இருந்தது ஒரே ஒரு தண்ணீர்ப் பாட்டில். கொஞ்ச தூரம் போன பிறகுதான் அது என் கையில் இருப்பதைப் பார்த்தேன். வேண்டுமென்று எடுத்து வரவில்லை. ஆனால் பார்த்த உடனே திரும்பவும் இல்லை. ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து கொடுத்துக்கொள்ளலாம் என்று நடந்தேன். நடக்க நடக்கத் தாகம். ஒரு வாய், இன்னொரு வாய் என்று குடித்து, திரும்பலாம் என்று நினைத்தபோது பாட்டிலும் காலி, நீங்கள் இருந்த கொல்லாமரம் எது என்றும் தெரியவில்லை. எல்லாம் கொல்லாமரம்தான்.

அப்போது அழுதேன். முப்பத்தொன்பது, நாற்பது வயது ஆள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் நின்று உன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதேன். கூப்பிட்டால் குரல் மேட்டில் மோதி எங்கேயோ போகிறது. என்னால் ஒரு பிள்ளை போய்விடும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எப்படி இருக்கும் என்பதை நீ அறியவே வேண்டாம்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒரு சத்தம் கேட்டது. டங், டங், டங். பிறகு ஒன்றுமில்லை. கோயில் மணியாக்கும், மாடன்தான் பின்னாலேயே வந்துவிட்டான் என்றுகூட நினைத்தேன். கொஞ்சம் கழித்து மறுபடியும் அதே மூன்று. உன் அம்மா கரண்டியை எடுத்து வெண்கலப் பானையில் அடித்துக்கொண்டிருந்தாள். மூன்று அடி, கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்பது, மறுபடியும் மூன்று அடி. நான் போனதிலிருந்தே அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தாளாம். விடாமல் அடித்தால் எதிர்ச்சத்தம் கேட்காது என்று விட்டு விட்டு அடித்திருக்கிறாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சத்தம் வந்த பக்கமாக ஓடினேன். கூப்பிடு தூரத்தில்தான், ஒரு மேட்டுக்கு அந்தப் பக்கம், இருந்திருக்கிறீர்கள். என்னைப் பார்த்ததும் கையைப் பார்த்தாள், காலிப் பாட்டிலைப் பார்த்தாள். கோயிலிலேயே பொங்கல் பானையை அலசி அதில் விட்டு வைத்திருந்த கொஞ்சம் தண்ணீரை உனக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தாள். "ஒக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன்.

மூன்றரை மணி வாக்கில் வெயில் சாய்ந்தது. அப்போது அம்மா சொன்னதுதான் நம்மை வெளியே கொண்டுவந்தது. "காலையில வரும்போது புள்ள மூஞ்சியில வெயில் அடிக்குன்னு அழுதால்லா? அப்பம் நாம கெழக்கப் பாத்து வந்திருக்கோம். இப்பம் சூரியன் மேக்க போயாச்சு. திரும்பிப் போவும்போதும் நம்ம மூஞ்சியிலதான் அடிக்கணும்." இவ்வளவுதான். வெயிலை முகத்தில் வாங்கிக்கொண்டே போனால் ரோடு. இதைச் சொன்னது நீயும் அம்மாவும். நான் இல்லை.

இன்னொன்றும் செய்தாள். "வேட்டியக் கழத்துங்க" என்றாள். உள்ளே டிரவுசர் போட்டிருந்தது என் நல்ல காலம். கோயிலுக்கென்று எடுத்த புது வேட்டியைப் பல்லால் கடித்து நீளவாக்கில் கிழித்தாள். ஒரு துண்டை உடைமரத்தில் கட்டுவாள், கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்ப்பாள், அது தெரிகிற தூரத்திலேயே அடுத்த துண்டு. இரண்டு துண்டும் ஒரே நேராக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் மூன்றாவது. வளைந்தால் உடனே தெரிந்துவிடும். திரும்பிப் பார்க்காதே என்று உன் பிடரியைப் பிடித்திருந்த நான், அன்று எத்தனை தடவை திரும்பிப் பார்த்தேன் என்பதற்குக் கணக்கே இல்லை. மாடன் ஒன்றும் கூட வரவில்லை. வந்திருந்தாலும் அவனும் துணைக்குத்தான் வந்திருப்பான்.

ஐந்து மணிக்கு, என் தோளில் இருந்த நீ, "அப்பா, பஸ்சு மண்ட தெரியுது" என்றாய். நான், "பாத்தியா, அப்பா கொண்டுவந்து சேத்துட்டேன்லா" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தில் ஆரம்பித்ததுதான் எல்லாம். மறுநாள் கடையில் புது வேட்டி எங்கே என்று கேட்டார்கள். பெண்டாட்டி கிழித்தாள் என்று சொல்ல வாய் வரவில்லை. முள் கிழித்தது என்றேன். புன்னைக்காயலில் இருந்து கயிறு வாங்க வருகிற படகுக்காரர் ஒருவர் மட்டும் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, இன்ஜின் நின்னு கர தெரியலன்னா நாங்க மொதல்ல நங்கூரத்தப் போட்டுருவோம். அடிச்சுக்கிட்டு ஓடுனாத்தான் ஆளு தொலைவான். நீங்க எப்படிப் பொழச்சிய?" என்று கேட்டார். வழக்கமாக அவருக்கு ஒரு முழம் கூட விட்டு அளப்பேன். அன்றைக்கு விடவில்லை.

அம்மா இத்தனை வருஷம் ஏன் சும்மா இருந்தாள் என்று நீ கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை நானும் கேட்டேன். "புள்ள அப்பனப் பெருசா நெனைக்கட்டுமேன்னு இருந்துட்டேன். இப்பம் அந்த நெனைப்பே அவளக் காட்டுல நடக்க வச்சிரும்னா நான் என்ன செய்ய?" என்றாள். கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு, மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு தேரிக்குப் போனேன். சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது வேண்டுமென்றே நாலு எட்டுக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். என்ன அருமையான வழி தெரியுமா? ஆலமரம் நேர் பின்னால். நடுவில் மொட்டைப்பனை ஒன்று. அது இரண்டும் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி வந்தால் பைக் நிறுத்தின இடம். சின்னப் பிள்ளைகூட வந்துவிடும். சந்தோஷத்தில் அங்கேயே சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன்.

ஆகவே, வியாழக்கிழமை. உள்ளே போகும்போதே அடிக்கடி நின்று திரும்பிப் பார். போகிற வழி ஒரு வழி, வருகிற வழி வேறு ஒரு வழி. வெயில் எந்தக் கன்னத்தில் படுகிறது என்று கவனி, மணியையும் பார்த்து வை. வழி தவறிவிட்டது என்று முதல் சந்தேகம் வந்த உடனே உட்கார்ந்துவிடு. உட்காருவதற்கு வெட்கப்படாதே, நான் வெட்கப்பட்டதால்தான் அவ்வளவும். தண்ணீரைக் கையில் வைத்திரு. மலை எனக்குத் தெரியாது, ஓடை, மிருகம், பனி எல்லாவற்றுக்கும் உன் பயிற்சியாளர் சொல்வதைக் கேள். அவர் ஒன்று சொல்லி, உள்ளே என் குரல் வேறொன்று சொன்னால், என் குரலை நம்பாதே. எத்தனையாவது ஆளாக வந்தாலும் எனக்குச் சம்மதம். கடைசி ஆளாக வந்தால் கடையில் எல்லாருக்கும் மக்ரூன் கொடுக்கப்போகிறேன்.

பார்சலில் விசில் ஒன்று வைத்திருக்கிறேன், படகுக்காரர்கள் கழுத்தில் போட்டுக்கொள்கிற ஆரஞ்சு விசில். மூன்று தடவை ஊதிவிட்டுக் காது கொடு. கூடவே ஒரு முழ நீளத்துக்கு வெள்ளைத் துணி இருக்கும், ஓரத்தில் பச்சைக் கரை. அன்று கட்டாமல் மிஞ்சிய கடைசித் துண்டு. அம்மா பீரோவில் பட்டுச் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்திருக்கிறாள். எனக்கே திங்கட்கிழமைதான் தெரியும். அங்கே கதையை மறுபடியும் சொல்வதாக இருந்தால் இப்படிச் சொல்: எங்க அப்பா எங்களைக் காட்டில் விட்டுவிட்டுப் போனார். எங்க அம்மா உட்கார்ந்த இடத்தில் இருந்தே அவரையும் கண்டுபிடித்தாள்.

எழுதியதை இப்போதுதான் அம்மாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்க வாசித்தாள். பேனாவை எடுத்து என் கையில் கொடுத்து, "எல்லாம் இருக்கட்டும். அந்தப் பாட்டில் தண்ணி எழுதுன எடத்த மட்டும் அடிச்சிருங்க. புள்ளைக்கு எதுக்கு அது?" என்றாள். பேனாவை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அடிக்கவில்லை. அப்படியே அனுப்புகிறேன். வெளியே வந்ததும் யாரிடமாவது போன் வாங்கி முதலில் அம்மாவுக்குப் பேசு. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

உன் அப்பா